டீக்கு பில் உண்டு, கவருக்கு? சட்டமன்றத் தேர்தல் செலவுக் கணக்கு பற்றி ஒரு சந்தேகம்

அய்யம்பேட்டையான் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போவதாகப் பொங்கலன்று வீட்டில் அறிவித்துவிட்டார். சித்தி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கையில் ஆறு லட்சம் வைத்திருக்கிறார், சேமநல நிதியில் மிஞ்சியது. "ஒரு ரூபாய்கூட கணக்கில் வராமல் செலவழிக்க மாட்டேன்" என்கிறார். வரம்பு 40 லட்சம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். என்ன நோட்டு எழுத வேண்டும், யாரிடம் நன்கொடை வாங்கலாம், எதற்கெல்லாம் பில் வேண்டும்? இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். "நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று மட்டும் பதில் போடாதீர்கள். அதை வீட்டில் ஏழு பேர் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

---

மஞ்சள்பக்கம்

2021 தேர்தலில் ஒரு சுயேச்சைக்கு நான்தான் செலவு முகவர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வங்கிக் கணக்கு. வேட்புமனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது, தேர்தலுக்கென்றே தனியாகத் தொடங்க வேண்டும். சித்தப்பா பெயரில் தொடங்கலாம், அல்லது முகவரோடு சேர்த்துத் தொடங்கலாம். சித்தியோடு கூட்டுக் கணக்கு ஆகாது (சித்தியே முகவரானால் ஆகும், ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வாய்ப்பில்லை). சொந்தப் பணமானாலும் அந்தக் கணக்கில் போட்டு எடுத்துத்தான் செலவழிக்க வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது, ஒருவரிடமிருந்து வாங்கவும் கூடாது. அதற்கு மேல் என்றால் காசோலை அல்லது ஆன்லைன்.

மனு கொடுக்கும்போது ஆர்.ஓ. (தேர்தல் நடத்தும் அலுவலர்) அலுவலகத்தில் ஒரு பதிவேடு தருவார்கள். வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். பிரச்சாரம் முடிவதற்குள் குறைந்தது மூன்று முறை அதைக் கொண்டுபோய்ச் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். போகாவிட்டால் நோட்டீஸ், அதற்கும் போகாவிட்டால் வாகன அனுமதி போய்விடும்.

சுயேச்சைக்கு யாரும் சொல்லாத செலவு ஒன்று உண்டு, நேரம். 2021ல் மனு வாபஸ் மார்ச் 22 மாலையோடு முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சின்னமே கிடைத்தது. தையல் இயந்திரம். பிரச்சாரம் ஏப்ரல் 4 மாலை ஓய்ந்தது. பதின்மூன்று நாளில் நோட்டீஸ் அடித்து, ஊர் ஊராகப் போய், "தையல் மெஷின், தையல் மெஷின்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கட்சிக்காரர்களுக்குச் சின்னம் அறிமுகமாகி ஐம்பது வருடம் ஆகிறது. அந்த ஐம்பது வருட விளம்பரம் யார் கணக்கிலும் வராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு வாக்காளர் பட்டியல் இலவசம். நமக்குக் காசு. அவருக்கு முன்மொழிய ஒருவர் போதும், நமக்குப் பத்துப் பேர்.

நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவில் வழக்கு. எங்கள் ஊர் அச்சகக்காரர் அவசரத்தில் விட்டுவிட்டார். மூவாயிரம் நோட்டீஸிலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

---

ஒலிபெருக்கி

அய்யா சுயேச்சைக்கெல்லாம் எதுக்கு இவ்வளவு பாடு. மொத்த ஓட்டுல ஆறில் ஒரு பங்கு வாங்கலைன்னா டெபாசிட் 10,000 போச்சு, அவ்வளவுதானே. கணக்குக் குடுக்கலைன்னா என்ன பண்ணிடுவாங்க?

---

வழக்காடி

ஒலிபெருக்கி, பண்ணிவிடுவார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. பிரிவு 77 கணக்கு வைக்கச் சொல்கிறது. பிரிவு 78 முடிவு வெளியான 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் அதை ஒப்படைக்கச் சொல்கிறது. தக்க காரணம் இல்லாமல் தவறினால் 10-ஏ, மூன்று ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. தேர்தல் ஆணையத்தின் தகுதி நீக்கப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் சித்தப்பா மாதிரி ஆட்கள். தோற்றுப்போன வருத்தத்தில் கணக்கை மறந்தவர்கள்.

ஜெயித்தவர் மாட்டிய கதை அபூர்வம். உத்தரப் பிரதேசம் பிசௌலி தொகுதியின் உம்லேஷ் யாதவ் 2011ல் பதவியில் இருக்கும்போதே தகுதி இழந்தார். 2007 தேர்தலில் செய்தி போல வெளிவந்த விளம்பரத்துக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் காட்டவில்லை. தொகை எவ்வளவு தெரியுமா? 21,250 ரூபாய். இன்னொரு பக்கம், மறைந்த கோபிநாத் முண்டே 2013ல் மேடையிலேயே, போன மக்களவைத் தேர்தலில் எனக்கு 8 கோடி செலவாயிற்று என்று சொன்னார். அப்போது வரம்பு 25 லட்சம். நோட்டீஸ் வந்தது, பதவி போகவில்லை.

---

கொங்குத்தம்பி

நான் ஒரு கட்சியில பூத் கமிட்டி ஆளுங்க. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, எல்லா இடத்துலயும் ஒரே கதைதான்.

2021ல கொரோனாவால பூத்தைப் பிரிச்சாங்க. தமிழ்நாட்டுக்கு 88,937 வாக்குச்சாவடி. 234ஆல வகுத்தா தொகுதிக்குச் சுமாரா 380. ஓட்டுப்போடற அன்னைக்கு ஒரு பூத்துக்கு ஏஜெண்டு, மாத்து ஏஜெண்டு, வெளிய 200 மீட்டர் தள்ளி டேபிள் போட்டு உக்கார்ற பசங்க, ஸ்லிப் எடுத்துக் குடுக்கறவன். பத்துப் பேருக்குச் சோறு, டீ, தண்ணி, கைச்செலவு. எட்டாயிரத்துக்குக் குறைஞ்சு ஆகாதுங்க. 380ஐ எட்டாயிரத்தால பெருக்குங்க. 30 லட்சத்து 40 ஆயிரம். அந்த வருசம் வரம்பு எவ்வளவு? 30 லட்சத்து 80 ஆயிரம்.

அதாவது ஒரு நாள் சோத்துச் செலவுக்கே வரம்பு முடிஞ்சுபோச்சு. அதுக்கு முன்ன இருந்த பிரச்சாரம் பூராவும் மிச்சம் நாப்பதாயிரத்துல நடந்ததுன்னு அர்த்தம்! கணக்குல என்ன எழுதுவோம்? "தொண்டர்கள் தாமாக வந்து உழைத்தார்கள்."

இது ஓட்டுக்குக் குடுக்கற காசு இல்லீங்க, நேர்மையான செலவு. அதையே நெசமா எழுத முடியறதில்ல.

---

மஞ்சள்பக்கம்

கொங்குத்தம்பி, இதைப் போட்டதற்கு நன்றி. எங்களுக்கு 380 பூத்தில் 41 பூத்துக்குத்தான் ஏஜென்ட் இருந்தார்கள். அதில் ஒன்பது பேர் உறவுக்காரர்கள்.

---

நாற்காலி_எண்ணியவர்

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று தேர்தல்களில் வீடியோ கண்காணிப்புக் குழுவில் வேலை பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கூட்டத்துக்குப் போனதும் கேமராவை மேடையைப் பார்த்து வைத்துவிட்டு நாங்கள் வாய்விட்டுப் பேச வேண்டும். தேதி இது, இடம் இது, மேடை இத்தனை அடிக்கு இத்தனை அடி, நாற்காலி இத்தனை, குழல்விளக்கு இத்தனை, ஒலிபெருக்கி இத்தனை, வந்த வண்டிகளின் பதிவெண் இவை. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் கூவுவாரே, அதே ராகம். அந்தப் பதிவை அலுவலகத்தில் இன்னொரு குழு உட்கார்ந்து பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் மாவட்ட விலைப்பட்டியல் உண்டு. நாற்காலி வாடகை, பொன்னாடை, டீ, தயிர்சாதம் வரைக்கும் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துத்தான் விலை முடிவு செய்வார்கள். (அந்தக் கூட்டத்தில் பிரியாணி விலையைக் குறைக்கச் சொல்லி நடக்கும் வாக்குவாதத்தைப் பார்க்க வேண்டும். எதிரும் புதிருமானவர்கள் அன்றைக்கு ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசுவார்கள்.) அப்படிக் கூட்டி வரும் தொகை நிழல் பதிவேட்டில் ஏறும். வேட்பாளர் காட்டும் கணக்கும் நிழல் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் நாங்கள் ஒரு தொகுதிக்கு ஒரு வண்டி, ஒரு கேமரா. 2016ல் ஒரு கூட்டத்தில் நானூறு நாற்காலி எண்ணிவிட்டுக் கிளம்பினோம். டீ குடிக்க முக்கு ரோட்டில் நிறுத்தினோம். எதிரே இரண்டு டெம்போ நிறைய நாற்காலி அதே கூட்டத்துக்குப் போகிறது. ஓட்டுநர் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

---

மஞ்சள்பக்கம்

ஐயா, நீங்களா அது! எங்கள் நிழல் பதிவேட்டில் ஒருநாள் திடீரென்று 250 நாற்காலி ஏறியிருந்தது. எங்கள் கூட்டத்துக்கு வந்ததே அறுபது பேர், பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விசாரித்தால், பக்கத்து மண்டபத்தில் ஒரு வரவேற்பு, அதன் நாற்காலிகளை வெளியே போட்டிருக்கிறார்கள், கேமராவில் விழுந்துவிட்டது. மண்டபத்துக்காரரிடம் ரசீது வாங்கி, கல்யாணப் பத்திரிகையை இணைத்து மனு எழுதிக் கொடுத்த பிறகுதான் கழித்தார்கள். பொண்ணு வீட்டார் நல்லவர்கள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பார்வையாளர் அதையும் எழுதிவிடுவார் என்று பயந்து சாப்பிடவில்லை.

---

நாற்காலி_எண்ணியவர்

நான் இல்லை சார். நான் பந்தலைப் பார்த்தாலே வாழைமரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

---

வெர்ஜீனியாவாசி

நான் இருக்கும் வெர்ஜீனியாவில் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒற்றைப்படை ஆண்டுகளில் தேர்தல். இங்கே வேட்பாளர் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். 1976ல் பக்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செலவு வரம்பே பேச்சுரிமைக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், பல மாநிலங்களில் உண்டு. வெர்ஜீனியாவில் அதுவும் இல்லை. ஆனால் ஒருவர் கொடுத்தது 100 டாலரைத் தாண்டினால் பெயரோடு இணையத்தில் வந்துவிடும். என் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று காபி குடித்துக்கொண்டே பார்க்கிறேன் (அவரும் என்னுடையதைப் பார்த்திருப்பார், இப்போதெல்லாம் ஹலோ சொல்வதில்லை). நம் ஊரில் வரம்பு இருக்கிறது, கொடுத்தவர் யார் என்பதுதான் தெரிவதில்லை.

---

வழக்காடி

வெர்ஜீனியாவாசி சொன்னதில் ஒரு சிறு திருத்தம். நம் ஊரில் *வேட்பாளருக்குக்* கொடுத்தவர் பெயர் தெரியும், சித்தப்பாவுக்கு 500 ரூபாய் கொடுத்தவர் பெயரையும் எழுதியாக வேண்டும். *கட்சிக்குக்* கொடுத்தால்தான் 20,000 வரை பெயர் தெரிவிக்க வேண்டியதில்லை. கட்சிக்குக் கொடுத்தால் வருமான வரிச் சலுகையும் உண்டு, சுயேச்சைக்குக் கொடுத்தால் இல்லை.

வரம்பும் வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. அது வந்த கதை இது. கன்வர் லால் குப்தா வழக்கில் 1974ல் உச்ச நீதிமன்றம், கட்சி செய்த செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. டெல்லி எம்.பி. ஒருவருடைய வெற்றி அதில் செல்லாமல் போனது. மை காய்வதற்குள் அவசரச் சட்டம், பிறகு நாடாளுமன்றத்தில் திருத்தம்: கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் செலவு ஆகாது. 2003ல் அதைக் கொஞ்சம் இறுக்கினார்கள். இப்போது நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்குத்தான் விலக்கு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், மற்றவர்களுக்கு 20. தலைவர் ஹெலிகாப்டரில் வந்தால் கட்சிக் கணக்கு. அந்த மேடையில் வேட்பாளர் ஏறி நின்றால் மேடைச் செலவில் பங்கு அவர் தலையில். அதனால்தான் சில இடங்களில் வேட்பாளர் மேடைக்குக் கீழே நின்று கும்பிடுவதைப் பார்க்கலாம். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்சிகளும் சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளில் கணக்குக் கொடுக்கின்றன. 2021 தேர்தலுக்கு தி.மு.க. சுமார் 114 கோடி, அ.தி.மு.க. சுமார் 57 கோடி காட்டின.

---

ஒலிபெருக்கி

அந்தக் கோடியெல்லாம் எங்க இருந்து வருது? தேர்தல் பத்திரம்தானே.

---

வழக்காடி

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் அந்தப் பத்திரத் திட்டம் 2018ல் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பிறகு வெளிவந்த விவரப்படி தி.மு.க.வுக்கு 656.5 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனம், பியூச்சர் கேமிங். அ.தி.மு.க.வுக்கு 6.05 கோடி. அதிகாரத்தில் யார் இருக்கிறார்கள், யார் வரப்போகிறார்கள் என்பதை வியாபாரிகள் நம்மைவிட நன்றாகக் கணிக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் வங்கி வழியாக வந்த பணம். கொங்குத்தம்பி சொல்லாமல் விட்டது வேறு பணம்.

---

கொங்குத்தம்பி

சொல்லலாம்ங்க, ஆனா நான் பாத்ததுன்னு சொல்ல மாட்டேன். ஊரே பாத்ததச் சொல்றேன்.

திருமங்கலம் இடைத்தேர்தல், 2009 ஜனவரி. அதுக்கப்புறம்தான் ஓட்டுக்குக் கவர்ல காசு குடுக்கறதுக்கு "திருமங்கலம் பார்முலா"ன்னு பேரே வந்துச்சு. 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ரெண்டுலயும் பணம் பாஞ்சுதுன்னு தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து பண்ணுச்சு. பணத்துக்காகச் சட்டமன்றத் தேர்தல் ரத்தானது நாட்டுலயே அதான் முதல். எங்க கரூர்ப் பக்கத்துப் பெருமை! நவம்பர்ல மறுபடி நடந்துச்சு.

2017 ஏப்ரல் ஆர்.கே. நகர். ஐ.டி. ரெய்டுல சிக்கின காயிதத்துல 2.24 லட்சம் வாக்காளருக்கு ஆளுக்கு 4,000 வீதம் 89 கோடிச் சொச்சம்னு போட்டிருந்துச்சுன்னு செய்தி வந்துச்சு. ஓட்டுப்போட ரெண்டு மூணு நாள் இருக்கறப்ப ரத்து. அப்ப வரம்பு 28 லட்சம். வகுத்துப் பாருங்க, முந்நூறு மடங்குக்கு மேல. டிசம்பர்ல திரும்ப நடந்தப்ப 20 ரூவா நோட்டுதான் டோக்கன், அதக் காட்டிப் பின்னால காசு வாங்கிக்கலாம்னு பேச்சு. ஒத்தைக் காயிதம், ஆனா நம்பர் போட்டுருக்கும், கள்ள டோக்கன் அடிக்க முடியாது. எவன் யோசிச்சான்னு தெரியல, ரிசர்வ் பேங்க் நோட்டையே ரசீது ஆக்கிப்புட்டான்.

2023 ஈரோடு கிழக்குல கவர் குடுக்கறதோட நிக்காம ஆளுங்களையே கொட்டகையில அடைச்சு வெச்சாங்கன்னு எதிர்க்கட்சிக்காரங்க புகார். "பட்டி"ன்னு பேர். ஆடு அடைக்கற எடத்துக்குத்தாங்க எங்க ஊர்ல அந்தப் பேரு.

---

நெறியாளர்

நீதிமன்றத்தில் நிரூபணமாகாதவற்றைப் புகார் என்றே எழுதவும். அவரவர் தொகுதி வேட்பாளர் பெயர்கள் வேண்டாம்.

---

தண்ணீர்க்குடம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் கொடுக்கிறவன் பக்கமே பேசுகிறீர்கள். நான் மகளிர் குழுவில் பதினான்கு வருடமாகப் பொறுப்பில் இருக்கிறேன். வாங்குகிற பக்கம் எப்படி என்று சொல்கிறேன்.

முந்தின நாள் ஆள் வந்து, நாளைக்கு வேட்பாளர் வருகிறார், ஆரத்திக்கு இருபது பேர் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். மஞ்சள், சுண்ணாம்பு நாங்களே கரைப்போம். தட்டில் விழுகிற பணத்தை வேட்பாளர் போடமாட்டார். அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்த பிறகு பின்னாலே வருகிறவர் போடுவார். வீடியோக்காரர் கேமரா அதற்குள் முன்னால் போயிருக்கும். ஒரு தடவை கேமரா நின்றே விட்டது. பின்னால் வந்தவர் நூறு ரூபாயைத் தட்டில் போடாமல் கையிலேயே மடித்துப் பிடித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து ஆரத்தி எடுப்பதுபோல நின்றார். சிரித்துச் சிரித்துத் தட்டே கொட்டிவிட்டது.

கவர் விஷயம். வாங்காதே என்று சொல்வது சுலபம். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் வாங்கவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே டிக் விழுந்துவிட்டது, பணம் நடுவில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். அவரும் வாங்கியதாகத்தான் ஊர்க்கணக்கு. அடுத்த தெருவுக்கு வரவில்லை என்று அவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். டிவியில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அவர்கள் கேட்டது பணமல்ல, "எங்களை மட்டும் ஏன் விட்டாய்" என்பதுதான்.

வாங்கினவர்கள் எல்லாம் கொடுத்தவனுக்கே போடுகிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் வாங்கிவிட்டு யாருக்குப் போட்டார்கள் என்று புருஷனுக்கே தெரியாது.

---

நாற்காலி_எண்ணியவர்

அம்மா சொன்ன ஆரத்தித் தட்டுக்காக ஒரு சுற்றறிக்கையே போட்டோம். கேமராவைப் பின்னால் வருபவர் மேல் வைக்கச் சொல்லி. மறுநாளிலிருந்து பின்னால் வருபவர் முன்னால் போக ஆரம்பித்தார்.

சட்டப்படி கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள், ஓராண்டு வரை சிறை. அதனாலேயே யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை. பறக்கும் படையிடம் மாட்டுகிறவர் பெரும்பாலும் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோன மாட்டு வியாபாரியும் மளிகைக் கடைக்காரரும்தான். ஒரு மாட்டு வியாபாரி என்னிடம் கேட்டார்: "சாமி, மாட்டுக்கு யாரு பில்லு குடுப்பா?" என்னிடம் பதில் இல்லை.

---

அய்யம்பேட்டையான்

இழையை அப்படியே அச்செடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறார் (ஒலிபெருக்கிக்கு இரண்டு எழுத்துப்பிழை). மஞ்சள்பக்கம் சார், உங்களுக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று, எத்தனை ஓட்டு?

---

மஞ்சள்பக்கம்

மூன்று லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம். ஓட்டு 1,912. ஒரு ஓட்டுக்கு 194 ரூபாய் விழுந்திருக்கிறது. இதைக் கணக்குப் போட்டபோது, கவர் கொடுப்பவனை நாம் திட்டவே கூடாதோ என்று வேட்பாளர் கேட்டார், சிரித்துக்கொண்டுதான்.

கணக்கை ஒப்படைத்தது மே மாதக் கடைசியில், தளர்வில்லா ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது. வழியில் போலீஸ் நிறுத்தியது. மஞ்சள் பக்கத்தைக் காட்டி, இது தேர்தல் கணக்கு என்றேன். ஜெயித்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன அவசரம் என்று கேட்டுக்கொண்டே வழிவிட்டார். ஒப்புகைச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், அந்தச் சீட்டை வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வெளியே வர வேண்டாம்.

---

அய்யம்பேட்டையான்

சொல்லிவிட்டேன். நாற்காலி ஐயாவிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி கொடுத்திருக்கிறார். பிரச்சாரத்துக்கு அவருடைய பழைய சைக்கிளிலேயே போகப்போகிறாராம். அதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

---

நாற்காலி_எண்ணியவர்

சைக்கிள் ரிக்‌ஷாவே வாகனக் கணக்கில் வரும் சார். ஆர்.ஓ.விடம் எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பஞ்சர் ஒட்டினால் ரசீது வாங்கிக்கொள்ளவும்.